எல்லார் பெயரும் எழுதியவர்

ஊருக்கு உழைத்தவர் ஊரைவிட்டுப் போகும்போதுதான் ஊர் அவரை முழுமையாகப் பார்க்கிறது. அதுவரை அவர் கிணற்றடியில் இருக்கும் வாளியைப் போன்றவர். வருவோரெல்லாம் எடுத்து இறைப்பார்கள். இறைத்தபின் அதை எங்கே வைத்தோம் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் வாளியைக் காணாதபோதுதான் அது இத்தனை காலம் யாருடையது, யார் அதைப் பழுது பார்த்தார் என்னும் கேள்விகள் எழுகின்றன.

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்படியொரு பிரிவு விழா நடந்தது. அந்தத் தோட்டமும் இன்று இல்லை. விழாவைக் கண்டவர்களிலும் பலர் இன்று இல்லை. அன்று பால் வெட்டு முடிந்து, ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, துவைத்த உடை உடுத்தி வந்த மக்கள் தமிழ்ப்பள்ளியின் மாணவர் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்திருந்தனர். மேசைமேல் காகிதப் பூக்கள். சுவரில் கரும்பலகை, அதில் சுண்ணக்கட்டியால் எழுதிய 'நன்றி' என்னும் ஒரு சொல். அந்தப் பலகைக்கு முன்னே, இருக்கையின் நுனியில், நாற்பத்திரண்டு வயதான ஒரு பால் வெட்டுத் தொழிலாளி தலைகுனிந்து அமர்ந்திருந்தார். இன்னும் இரண்டு நாளில் அவர் ராஜூலா கப்பலில் ஏற வேண்டும்.

தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. பெரியவர்களுக்கு அவர் 'மனுக்காரத் தம்பி'. இளையவர்களுக்கு 'மனுக்கார அண்ணன்'. மனு எழுதுவது அவருடைய தொழிலன்று. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்று, நிரை பிடித்து மரம் வெட்டி, பத்து பதினோரு மணிக்குப் பாலெடுத்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வருவதே அவருடைய தொழில். மற்றவர்கள் பிற்பகலில் சற்றே கண்ணயரும் நேரத்தில் அவர் எழுதினார். அதற்குக் கூலி வாங்கியதில்லை. தாளும் மையும்கூடத் தம் காசிலேயே வாங்கினார்.

1937இல், ஒன்பது வயதில், தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு அவர் இந்நாட்டில் வந்து இறங்கினார். தஞ்சைச் சீமையில் அடகிலிருந்த அரை ஏக்கர் நிலத்தை மீட்டுக்கொண்டு திரும்புவதாகத் தாயிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள் அவர்கள். மறுஆண்டு, 1938இல், மலாயாவுக்குத் தொழிலாளரை உதவிக் கட்டணத்தில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. அதன்பின் போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையில், சயாம் ரயில் பாதை போடுவதற்கென்று தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருடைய தந்தையும் அவர்களுள் ஒருவர். போனவர் திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை. இறந்தார் என்பதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை.

தனித்து நின்ற சிறுவனைத் தோட்டத்து லயங்கள் வளர்த்தன. இன்று ஒரு வீட்டில் மரவள்ளிக் கிழங்கு. நாளை ஒரு வீட்டில் கஞ்சி. பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களை மற்றவர்கள் 'தொண்டு' என்றபோது அவர் அந்தச் சொல்லை ஏற்றதில்லை. "பழைய பாக்கி" என்பார். எந்த வீட்டில் எத்தனை வேளை உண்டோம் என்று அவர் கணக்கு வைத்திருந்ததாகவே தோன்றும். அத்தனை ஒழுங்காக எல்லா வீட்டுக்கும் அவர் உழைத்தார்.

தாளுக்குள்ள ஆற்றலை அவர் 1948இல் அறிந்தார். அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது, தோட்டத்து மக்கள் வரிசையில் நின்று தங்கள் பெயரை வாயால் சொன்னார்கள். எழுதியவர் காதில் விழுந்தது எதுவோ அதுவே பெயராயிற்று. அண்ணன் பெயரில் ஒரு தந்தை, தம்பி பெயரில் வேறொரு தந்தை. பிறந்த ஆண்டு தெரியாத கிழவிக்கு அவள் முகத்தைப் பார்த்து ஓர் ஆண்டு. எழுதப்பட்டதைப் படிக்கத் தெரியாததால், தவறு நேர்ந்ததென்றே ஒருவரும் அறியவில்லை. இருபது வயது இளைஞர் அன்று ஒரு முடிவுக்கு வந்தார்: தன் பெயரைத் தானே எழுதத் தெரியாதவன், பிறர் வைத்த பெயரோடு வாழ வேண்டியவன் ஆகிறான்.

அந்த முடிவிலிருந்து பிறந்தது இரவு வகுப்பு. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளியின் சாவியைப் பெற்றார். கியாஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்ற ஆளுக்கு ஐந்து காசு வசூலித்தார். பகலில் பிள்ளைகள் அமரும் பெஞ்சில் இரவில் தந்தையர் அமர்ந்தனர். உளியும் கத்தியும் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குப் பென்சில் வழுக்கியது. முதலில் நெடுங்கணக்கைத் தொடங்காமல், அவரவர் பெயரிலுள்ள எழுத்துகளை மட்டும் கற்பித்தார். சம்பள நாளில் கிராணி நீட்டும் ஏட்டில் மையில் தோய்த்த பெருவிரலை வைத்துவந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையொப்பமிடத் தொடங்கினர். ஒருவர் தம் கையொப்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டதால், பின்னால் இருந்தவர்கள் பொறுமையிழந்து சத்தம் போட்டது அத்தோட்டத்தில் வெகுநாள் பேசப்பட்ட கதை.

தமிழ் எழுத்தோடு அவர் நிற்கவில்லை. தோட்டத்து எல்லைக்கு அப்பால், ஆற்றோரக் கம்பத்தில், ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் சைக்கிளில் அவரிடம் சென்று மலாய்மொழி பயின்றார். சந்தையில் பேசும் கொச்சை மலாயை அவர் முன்பே அறிவார். அரசாங்க மனுவில் எழுதும் மலாயையே நாடிச் சென்றார். ஆசிரியர் கட்டணம் கேட்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு இவர் முறுக்கு கொண்டுபோனார்; தீபாவளிக்கு அவர் டுரியான் தோப்பிலிருந்து லெமாங் மூங்கிலோடு வந்தார். கற்றதை அந்த வாரமே இரவு வகுப்பில் கற்பித்தார். மாணவர்களைவிட ஒரு பாடம் மட்டுமே முன்னால் நின்ற ஆசிரியர் அவர். அதனாலேயே மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை நாளில் இங்கு வாழ்ந்துகொண்டிருந்தவர், முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டாண்டு இங்கே வசித்திருந்தால், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று அரசியல் சட்டம் வழி வைத்தது. தொடக்கநிலை மலாய் அறிவு வேண்டும். சிலருக்கு அதில் தளர்வும் உண்டு. நல்லொழுக்கம் வேண்டும். இங்கேயே நிலையாக வாழும் எண்ணம் வேண்டும். விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டணத்தில் இருந்தவர்கள் செய்தித்தாளில் படித்து ஓடினார்கள். தோட்டத்தில் இருந்தவர்களோ, "குடியுரிமை எதற்கு? மரம் இருக்கிறது, கத்தி இருக்கிறது" என்றார்கள். ஊரில் ஒரு கால், இங்கே ஒரு கால் வைத்து நின்றவர்கள், எந்தக் காலையும் எடுக்க அஞ்சினார்கள்.

அவர் லயம் லயமாக நடந்தார். ஆறு லயங்களிலும் ஒவ்வொரு வாசற்படியிலும் உட்கார்ந்து எழுதினார். வந்த கப்பலின் பெயர் நினைவில்லாதவருக்கு, வந்த ஆண்டில் நடந்த வெள்ளத்தையோ கோயில் தேரோட்டத்தையோ நினைவூட்டி ஆண்டைக் கண்டுபிடித்தார். தாள் இல்லாதவர்களுக்குச் சாட்சி சொல்லும் இருவரைத் தேடிப் பிடித்தார். மனு கொடுக்கும் நாளில் லாரி பேசி, கட்டுச்சோற்றோடு அழைத்துச் சென்றார். நாள் தள்ளிப் போட்டவர்களிடம் கடுமையாகவும் பேசினார். "நாளைக்கு என்பது ஒரு தேதியா? எந்தக் காலண்டரில் இருக்கிறது, காட்டு!" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல இயலாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்த ஆண்டுகளிலேயே அவருடைய பதிவேடும் தொடங்கியது. சீனக் கடையில் வாங்கிய நீண்ட கணக்குப் புத்தகம். சிவப்புத் துணி ஒட்டிய முதுகு. அதில் தோட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் எழுதினார். பிறந்த நாள், வேளை, தாய், தந்தை, வீட்டு எண், பிரசவம் பார்த்த மருத்துவச்சி என ஆறு கட்டங்கள். வேளையைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல ஆளில்லாதபோது, 'பெரட்டுக்கு முன்', 'மங்கு துடைக்கும் நேரம்' என்றே எழுதியிருப்பார். ஏழாவது கட்டத்தின் தலைப்பு, 'பத்திரம் எடுத்தாயிற்று'. பிறப்புப் பத்திரத்தைக் கண்ணால் காணும்வரை அதில் குறி போடமாட்டார். வாயால் சொல்வதை ஏற்பதில்லை. அவர் சைக்கிள் வருவதைக் கண்டு கள்ளுக்கடையின் பின்கட்டில் ஒளிந்த தந்தையரும் உண்டு. அவர் கடைக்குள் நுழையாமல் வெளியில் நின்று குழந்தையின் பெயரை மட்டும் உரக்கக் கூப்பிடுவார். குடித்துக்கொண்டிருந்தவர்களே ஒளிந்தவரைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள்.

இந்தக் கண்டிப்பின் பொருள் பின்னரே விளங்கிற்று. விடுதலை நாள் முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்ததனாலேயே குடியுரிமை பெற்றது. அதன்பின் பிறந்த குழந்தைக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமக்களாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. எப்போது பிறந்தது, யாருக்குப் பிறந்தது என்பதை மெய்ப்பிக்க முடியாத குழந்தை, தான் பிறந்த நாட்டிலேயே அயலாராக நிற்க நேரிடும். லயத்து அறையில், விளக்கொளியில், மருத்துவச்சியின் கையில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சிவப்பு முதுகுப் புத்தகம் ஒன்றே முதல் சாட்சியாயிருந்தது.

அவர் செய்த மற்றவற்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு மாதம் ஐம்பது காசு திரட்டி மரண உதவி நிதி அமைத்தார். வரவும் செலவும் மாதந்தோறும் கோயில் சுவரில் மாட்டிய பலகையில் எல்லார் பார்வைக்கும் எழுதப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, தொழிலாளர் வீடிழந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்பதை நம்ப முடியாமல் சிரித்தவர்களிடம் அவர் கணக்குப் போட்டுக் காட்டி உறுப்பினர் சேர்த்தார். கோயிலின் பக்கத்துக் கொட்டகையில் ஒரு படிப்பகம். அங்கே ஒரு நாள் பிந்தி வரும் தமிழ் நேசனை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பர். கள்ளுக்கடைக்கு எதிராக அவர் மேடையேறிப் பேசியதில்லை. கடை திறக்கும் நேரத்துக்குச் சரியாகத் திடலில் பந்தாட்டம் தொடங்கும்படி ஏற்பாடு செய்தார். பந்தாட்டத்தில் தோற்ற இளைஞர் சிலர் பிறகு கடைக்குப் போனார்கள் என்பதும் உண்மைதான்; ஆனால் முன்போல் அத்தனை பேர் போகவில்லை.

இத்தனையும் செய்தவரைப் பற்றிப் புறம் பேசுவோரும் இருந்தனர். ஒரு மனுவுக்கு ஒரு வெள்ளி வாங்குகிறார் என்று ஒரு பேச்சு நெடுநாள் உலவியது. வாங்கவில்லை என்பதை மனு எழுதிக்கொண்ட அத்தனை பேரும் அறிவார்கள். அறிந்தும் அவர்களுள் பெரும்பாலோர் அந்தப் பேச்சை மறுக்க வாய் திறக்கவில்லை. அவர் வருத்தப்பட்டாரா என்பதும் எவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியையும் எவரும் கேட்கவில்லை. தோட்டம் முழுவதற்கும் நீல அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தவரின் சட்டைப் பையில் குடியுரிமை இல்லாதவர்க்குரிய சிவப்பு அட்டையே இருந்தது.

அதற்குக் காரணம் சோம்பலன்று. 1957இல் எல்லாத் தகுதியும் அவருக்கு இருந்தது. தம் பெயருக்கும் ஒரு மனுவை எழுதத் தொடங்கினார். 'இங்கேயே நிலையாக வாழ எண்ணுகிறேன்' என்னும் இடத்துக்கு வந்தபோது பேனா நின்றது. ஊரில் தாய் உயிரோடிருந்தாள். கணவனைச் சயாம் காட்டில் பறிகொடுத்தவள், மகனாவது வருவான் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டுக்கொண்டிருந்தாள். நிலத்தை மீட்டதும் வருகிறேன் என்று அவரும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். தாய்க்கு ஒரு சொல்லும் அரசாங்கத்துக்கு வேறொரு சொல்லும் எழுத அவருக்கு மனம் வரவில்லை. பிறர் அந்த வரியில் கையொப்பமிடும்போது அவர் தடுத்ததில்லை. அவர்களுடைய எண்ணத்தை அவர்களே அறிவார்கள். தம் எண்ணத்தை மட்டும் அவரால் பொய்யாக எழுத முடியவில்லை. "நாளைக்கு" என்று பிறர் சொன்னபோது காலண்டரைக் காட்டச் சொன்னவர், தம் மனுவை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்.

விடுதலை நாளில் இங்கு வாழ்ந்தவர் பதிந்துகொள்ளும் அந்த விதி 1963இல் நீக்கப்பட்டது. 1964இல் தாய் இறந்தாள். தந்தி வந்து சேர்ந்தபோது காரியங்கள் முடிந்திருந்தன. இனித் திரும்பிப் போக எவருமில்லை என்ற நிலையில் அவர் மனுச் செய்தார். மிஞ்சியிருந்தது கடினமான வழி ஒன்றே. மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு பதில் வந்தது. அடுத்த ஆண்டும் அதே பதில் வந்தது. வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டது. அதன்படி 1969 முதல், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. அவருக்குக் குறுகிய காலத்துக்கு ஒரு சீட்டு கிடைத்தது. அது முடிந்தபின் மறுசீட்டுக் கிடைக்கவில்லை. வேலையில்லை என்றால் லயத்து வீடும் இல்லை. அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் அவரைப்போல் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கப்பலேறினர். பலருக்கு, போய்ச் சேரும் ஊர் பெயரளவில் மட்டுமே ஊராக இருந்தது.

விழா தொடங்கியது. கங்காணியார் மாலை அணிவித்தார். தலைமையாசிரியர் உணர்ச்சியோடு பேசினார். மன்றத்து இளைஞர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்த வாழ்த்துமடலைப் பாதி படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் அமர்ந்தார். பிறகு பண முடிப்பு வழங்கப்பட்டது. அவர் அதை வாங்கித் திருப்பி மரண உதவி நிதிக்கே கொடுத்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படிக் கொடுத்தால் கைதட்டுவதற்கும் ஆயத்தமாயிருந்தார்கள். அவரோ முடிப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு வேணும்" என்றார். "அங்க எனக்கு யாரும் இல்ல. போய் எறங்குன அன்னிக்கே சோத்துக்கு வழி பார்க்கணும். கொடுத்தவங்களுக்கு நன்றி."

மண்டபம் ஒரு கணம் திகைத்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக அவரோடு வாழ்ந்தவர்கள், அவருக்கும் ஏதேனும் தேவைப்படும் என்பதை அன்றுதான் அவர் வாயிலிருந்து கேட்டார்கள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பதிவேட்டை விரித்து, ஏழாவது கட்டம் இன்னும் நிரம்பாத குழந்தைகளின் பெயர்களைப் படித்தார். பதினொரு பெயர்கள். ஒவ்வொரு பெயரும் படிக்கப்பட்டபோது மண்டபத்தில் ஒரு தந்தையோ தாயோ எழுந்து நின்றனர். "இந்த மாசக் கடைசிக்குள்ள" என்று மட்டும் அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, ஆயாக் கொட்டகையில் வேலை செய்துகொண்டு இரவு வகுப்பில் படித்த பதினேழு வயதுப் பெண்ணிடம் கொடுத்தார். பொறுப்பைக் கிராணியிடமோ மன்றத் தலைவரிடமோ கொடுப்பார் என்று நினைத்தவர்கள் முணுமுணுத்தார்கள். "பிள்ளைங்க பொறக்கறதும் வளர்றதும் மொதல்ல இவளுக்குத்தான் தெரியும்" என்றார் அவர்.

அப்போது முன்வரிசையில் இருந்த முதியவள் ஒருத்தி எழுந்தாள். போர்க்காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊற்றியவர்களுள் அவளும் ஒருத்தி.

"தம்பி, எங்க எல்லார் பேரையும் எழுதுன. உன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அதுல என் பேரு இல்லீங்க ஆத்தா" என்றார் அவர். "நான் இங்க பொறக்கலையே."

"எங்களுக்குக் கேக்கத் தோணலையே சாமி" என்று சொல்லி அவள் அமர்ந்துவிட்டாள்.

அன்று பேசப்பட்ட பேச்சுகளில் மக்கள் மனத்தில் நிலைத்தது அந்த ஒரு வாக்கியமே. அவரிடம் வேலை வாங்கிக்கொண்டார்கள், அன்பு காட்டினார்கள், விருந்துக்கு அழைத்தார்கள். "உன் தாளைக் கொண்டுவா, பார்ப்போம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கையொப்பமிட்டிருப்பாரா என்பது வேறு. அவருடைய தயக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளவாவது ஒருவர் அருகில் இருந்திருப்பார். 'நிலையாக வாழ எண்ணுகிறேன்' என்னும் வரியின் முன் ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டுகள் தனியாக நின்றிருக்க வேண்டியதில்லை.

வழியனுப்ப இரண்டு லாரி நிறைய ஆட்கள் போனார்கள். போர்ட் கிள்ளான் என்று 1972இல் பெயர் மாறிய அத்துறைமுகம் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ராஜூலா, 1973இல் ஓய்ந்தது. அதற்குமுன் எத்தனையோ தமிழரை அது இக்கரைக்குக் கொண்டுவந்து இறக்கிற்று. கடைசிக் காலத்தில் அவர்களுள் பலரைத் திரும்ப ஏற்றிச் சென்றதும் அதுவே. மேல்தளப் பயணிகளின் கூட்டத்தில் அவர் தகரப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மறைந்தார். கம்பத்து மலாய் ஆசிரியர் தள்ளாத வயதில் துறைமுகம்வரை வந்திருந்தார். கப்பல் நகர்ந்த பின்னும் குடையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவரிடமிருந்து சில கடிதங்கள் வந்தன. தம்மைப் பற்றி இரண்டு வரி, மிகுதியெல்லாம் விசாரணை. மூன்றாம் லயத்துக் கடைசி வீட்டுக் குழந்தைக்குப் பத்திரம் எடுத்தாயிற்றா? இரவு வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? கரும்பலகையில் கணக்கு எழுதுவது நின்றுவிடவில்லையே? பதினொரு பெயர்களுக்கும் குறி போட்டாயிற்று என்று அந்தப் பெண் எழுதினாள். அதற்கு வந்த பதிலில், 'மகிழ்ச்சி' என்னும் சொல்லின்கீழ் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு கடிதங்கள் நின்றன.

அவர் விட்டுச்சென்றவற்றுள் எல்லாம் நிலைக்கவில்லை. பந்தாட்டக் குழு இரண்டே ஆண்டில் கலைந்தது. படிப்பகக் கொட்டகை புயலில் சாய்ந்தது; எவரும் நிமிர்த்தவில்லை. மரண உதவி நிதி சில காலம் தள்ளாடிப் பிறகு வேறு கைகளில் தேறியது. பதிவேடு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. முதல் புத்தகம் நிரம்பி இரண்டாவது வந்தது. இரண்டாவது நிரம்பி மூன்றாவது வந்தது. அந்தப் பெண் பின்னர் பாலர் பள்ளி ஆசிரியையானார். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு மக்கள் நகர்ப்புற அடுக்கு வீடுகளுக்குச் சிதறியபோதும், மூன்று புத்தகங்களும் அவர் வீட்டு அலமாரியில் இருந்தன.

பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர் இந்நாட்டில் இன்னும் இருக்கின்றனர். 2011இல் அரசாங்கமே 'மைடஃப்தார்' என்னும் பெயரில் ஒரு பதிவு இயக்கத்தை நடத்தி அவர்களைத் தேட வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளியில் சேர்வது முதல் வேலை தேடுவது வரை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தப்படுகிறது. அத்தோட்டத்திலிருந்து போன குடும்பங்களில் எவருக்கேனும் அப்படிச் சிக்கல் எழுந்தால், அவர்கள் முதலில் தட்டிய கதவு அந்த ஆசிரியையின் கதவு. அந்தப் புத்தகம் சட்டப்படியான ஆவணமன்று. ஆயினும் எந்த நாள், எந்த வீடு, எந்த மருத்துவச்சி, யாரைத் தேடிப் பிடித்துச் சாட்சி கேட்கலாம் என்பதையெல்லாம் அது சொன்னது. இருளில் துழாவுபவனுக்குச் சுவர் எங்கே என்று தெரிவதும் பெரிய உதவியே.

ஆசிரியைக்கும் இப்போது வயதாகிவிட்டது. தம்மிடம் உதவிக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வழக்கத்தை அவர் விடாமல் வைத்திருக்கிறார். யாருக்காகவோ மனு எழுத வந்து, வெயிலில் அலைந்து, தாள்களைத் திரட்டி ஒழுங்கு செய்யும் இளைஞரைத் தேநீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பார்: "இதெல்லாம் சரி தம்பி, உன்னுடையதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?" இளைஞர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பார்க்கும்வரை அவர் விடமாட்டார்.

1970இல், கப்பல் போன மறுநாள் இரவு, அவர் முதல் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு மேலே எஞ்சியிருந்த வெற்றிடத்தில் ஒரு வரி எழுதினார். பெயர். பிறந்த ஊர். தாய், தந்தை. வீட்டு எண் என்னும் கட்டத்தில், 'ஆறு லயங்களும்' என்று எழுதினார். மை மங்கிப்போன அந்த வரியில் ஏழாவது கட்டம் மட்டும் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.